தண்டவாளத்திலே ரயில்... தகவல் கையிலே!

தலைப்பு: மக்களை ரயிலுக்கு அழைத்து வருவது கையில் இருக்கும் செல்போனா? கண்ணில் தெரியும் வசதியா?

('செல்போனே!' என்ற அணியில், பட்டாபிராமிலிருந்து வந்திருந்த ஒரு பெண் ஊழியர் பேசியது)

நடுவர் ஐயா அவர்களே! என்னை எந்த இடத்துல மடக்கலாம்னு பேனாவைத் திறந்து வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) எங்கள் அணியினரே! ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று மூன்று ஊரிலிருந்தும் திரண்டு வந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

ஐயா, நான் மேடைப் பேச்சாளி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டிலே ஒரு சின்ன கம்பெனியில கணக்கு எழுதுறவ. பட்டாபிராம்ல ஏறி பட்டரவாக்கத்துல இறங்குறவ. பதினாறு வருஷமா சீசன் டிக்கெட். எங்க வீட்டுல ரேஷன் கார்டுக்கு அடுத்தபடியா பத்திரமா இருக்கிறது அந்த சீசன் டிக்கெட்தான்! (கைதட்டல்)

எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "ரயில் பெட்டி கூட்டுங்க, பிளாட்பாரத்துக்குக் கூரை போடுங்க, கழிப்பறையைச் சுத்தமா வைங்க. ஜனங்க தானா வருவாங்க. செல்போன்ல போஸ்ட் போட்டா எவன் வருவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் கை தட்டினேன். ஆனால் தம்பி, உங்களுக்கு ஒரு சின்ன சரித்திரம் சொல்றேன்.

1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி. தென்னிந்தியாவிலேயே முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் புறப்பட்டு வாலாஜா ரோடு வரைக்கும் போனது. எந்த வழியா? நம்ம அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியா! மதுரை பார்க்காத ரயிலை, கோயம்புத்தூர் பார்க்காத ரயிலை முதல்ல பார்த்த மண்ணு இந்த மண்ணு. (கைதட்டல்) அதற்குப் பிறகு நூத்தறுபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. இன்னிக்கு மின்சார ரயில் ஓடுது. ஒரு வண்டி ஆயிரம் பேருக்கு மேல ஏத்திக்கிட்டுப் போகுது. ஆனால் அதே நேரத்திலே, பக்கத்துலேயே ஓடுற சி.டி.எச். ரோட்டைப் பாருங்க. ஸ்கூட்டர் மேல ஸ்கூட்டர், ஆட்டோ மேல ஆட்டோ. ஆமை கூட ஹாரன் அடிச்சிட்டு முந்திப் போயிடும்! (சிரிப்பு)

நான் கேக்கிறேன். வீட்டு வாசல்ல ரயில் நிக்குது. ஆனா மனுஷன் ரோட்டுல நிக்கிறான். ஏன்?

எங்க தெருவிலேயே நான் விசாரிச்சேன் ஐயா. வண்டியில போற பிள்ளைங்க நாலு காரணம் சொன்னாங்க. ஒண்ணு, "டிக்கெட் கியூவுல யார் நிக்கிறது?" ரெண்டு, "டிரெயின் எப்ப வரும்னே தெரியாது." மூணு, "ஸ்டேஷன்ல இறங்கினா அப்புறம் எப்படிப் போறது?" நாலு, இதைப் பெண்கள் சொன்னாங்க, கொஞ்சம் மெதுவாச் சொன்னாங்க: "பயமா இருக்கு அக்கா."

தம்பி, இந்த நாலு பூட்டுல ஒண்ணாவது புதுத் தண்டவாளம் போட்டாத்தான் திறக்கும்னு சொல்லுங்க பார்ப்போம். நாலுக்கும் சாவி தகவல். அந்தச் சாவி இருக்கிற இடம் நம்ம கை!

முதல் பூட்டு, டிக்கெட். 2015 ஏப்ரல் 22ஆம் தேதியே சென்னை எழும்பூர் - தாம்பரம் தடத்துல காகிதமில்லாத டிக்கெட் வந்தாச்சு. செல்போன்லேயே எடுத்து, செல்போன்லேயே காட்டலாம். 2025 ஜூலை 1ஆம் தேதி 'ரயில் ஒன்' என்று ஒரே செயலியைக் கொண்டு வந்தாங்க. முன்பதிவும் அதிலே, சாதாரண டிக்கெட்டும் அதிலே, சீசனும் அதிலே, புகாரும் அதிலே. தேதியைக் கவனிச்சீங்களா ஐயா? அன்னிக்கும் ஜூலை 1, இன்னிக்கும் ஜூலை 1! முதல் ரயில் ஓடி சரியா 169 வருஷம் கழிச்சு டிக்கெட் கவுண்ட்டர் நம்ம பாக்கெட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துடுச்சு. (கைதட்டல்)

ஆனா எத்தனை பேருக்குத் தெரியும்? இன்னிக்கும் எங்க ஸ்டேஷன்ல கையில ஸ்மார்ட்போனை வச்சிக்கிட்டு, அதிலே சினிமா பார்த்துக்கிட்டே, டிக்கெட் கியூவுல இருபதாவது ஆளா நிக்கிறாங்க! கிணத்துக்குள்ள நின்னுக்கிட்டு தாகத்துக்கு அழுற கதை இது. (சிரிப்பு)

கட்டணத்தை எடுத்துக்குங்க. ஜெர்மனி நாட்டிலே 2022இல் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசம், மாசத்துக்கு 9 யூரோ கொடுத்தா நாடு பூரா உள்ளூர் ரயில், பஸ் எல்லாத்திலேயும் போகலாம்னு அரசாங்கம் அறிவிச்சது. சுமார் 5 கோடியே 20 லட்சம் டிக்கெட் வித்துது. உடனே எதிரணி சொல்லும், "பார்த்தீங்களா, விலையைக் குறைச்சாங்க, கூட்டம் வந்துது"ன்னு. அட, அங்கே அரசாங்கம் விலையைக் குறைக்க வேண்டி இருந்துது. நம்ம ஊர்ல குறைக்க என்ன இருக்கு? புறநகர் ரயிலுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்! ஐஞ்சு ரூபாய்க்கு டீக்கடையில டீ தருவாங்களா? கிளாஸைக் கழுவின தண்ணி கூடத் தர மாட்டாங்க! (பலத்த சிரிப்பு) பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைச் சுத்தி நிக்குது. இந்தக் கணக்கை ஒரு பிள்ளை தன் போன்ல எழுதிப் போட்டா, அதைப் பத்து பேர் படிச்சா, அதுல ரெண்டு பேர் யோசிச்சா, அதுதான் ஐயா பிரசாரம்.

ரெண்டாவது பூட்டு, நேரம். தாய்மார்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் "அரை மணி நேரம் லேட் ஆகும்"னு ஒரு போன் பண்ணிட்டா, நாம துணி துவைக்கலாம், காய் நறுக்கலாம். சொல்லாம பத்து நிமிஷம் லேட் ஆனா? வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்போம்! (சிரிப்பு) தெரிஞ்ச அரை மணி நேரத்தை விடத் தெரியாத பத்து நிமிஷம் நீளம் ஐயா. ரயிலும் அப்படித்தான். ஜனங்களுக்கு ரயில் மேல கோபம் இல்லை. சொல்லாம நிக்குதே, அது மேலதான் கோபம்.

எங்க பெண்கள் பெட்டியிலே நாங்க ஒரு வாட்ஸ்அப் குழு வச்சிருக்கோம். திருநின்றவூர்ல ஏறுற ஒரு டீச்சரம்மா தினமும் மூணே வார்த்தை போடுவாங்க: "வண்டி கிளம்பிடுச்சு, வாங்க." அவ்வளவுதான். அந்த மூணு வார்த்தையை நம்பி பட்டாபிராம்ல நாலு பேர், இந்துக் கல்லூரியில ரெண்டு பேர், ஆவடியில ஆறு பேர் வீட்டுல அடுப்பை அணைச்சிட்டுக் கிளம்புறோம். லேட்னா அதையும் போடுவாங்க. அந்த அம்மாவுக்குச் சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. ஆனால் எங்களுக்கு அவங்கதான் ஸ்டேஷன் மாஸ்டர்! (கைதட்டல்)

மூணாவது பூட்டு, இறங்கின பிறகு என்ன செய்யறது. இங்கே பூந்தமல்லிக்காரங்க என்னை முறைக்கிறாங்க. "உங்களுக்கு ரயில் இருக்கு, பேசறீங்க. எங்களுக்கு ஏது?"ன்னு. நியாயம்தான். சுத்துப்பட்டுல எல்லா ஊருக்கும் ரயில் வந்துது, பூந்தமல்லிக்கு வரலை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியா கூடுவாஞ்சேரிக்கு ரயில் பாதைன்னு 2013-14 ரயில்வே பட்ஜெட் காலத்திலிருந்து கேள்விப்படறோம். காகிதத்துல ஓடுது, கண்ணுல ஓடலை. நம்ம திருநின்றவூர் பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார். சிவபெருமானும் அதை ஏத்துக்கிட்டார். ஆனா மனசுக்குள்ளேயே ரயில் விட்டா யார் ஐயா ஏத்துக்குவாங்க? (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

இப்ப மெட்ரோவின் இரண்டாம் கட்டத்திலே, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழி வரைக்கும் 26.1 கிலோமீட்டர் வழித்தடம் போட்டாங்க. 2025 மார்ச்சிலே பூந்தமல்லி - முல்லைத் தோட்டம் இடையே சோதனை ஓட்டம் நடந்தப்ப என்ன ஆச்சு? ஜனங்க மொட்டை மாடியிலே ஏறி நின்னு படம் எடுத்தாங்க. ஊருக்கு ரயில் வருதுங்கிறதை யார் முதல்ல பரப்பினாங்க? மாடியிலே துணி காயப்போட்டுக்கிட்டிருந்த அம்மா! (கைதட்டல்) அதே வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி 'சென்னை ஒன்' செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூணுக்கும் ஒரே இடத்துல வழி பார்த்து டிக்கெட் எடுக்கலாம். பூந்தமல்லியில பஸ் ஏறி, ஆவடியிலே ரயில் மாறிப் போறது எப்படின்னு யாரோ ஒருத்தர் ஒரு நிமிஷம் படம் எடுத்துப் போட்டா போதும். மூணாவது பூட்டும் கழண்டுடும்.

(நடுவர்: அம்மா, மூணு பூட்டைத் திறந்துட்டீங்க. அந்த நாலாவது பூட்டுதான் கெட்டிப் பூட்டாச்சே?)

ஆமாங்க ஐயா. அதுக்குத்தான் நான் இந்த மேடைக்கு வந்ததே.

எங்க பக்கத்துத் தெருவுல ஒரு பொண்ணு. டிப்ளமோ படிச்சது. அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை. அந்த வீட்டுக்கு முதல் மாசச் சம்பளம் கொண்டு வந்த முதல் பொண்ணு அது. ஒரு நாள் சொந்தக்காரங்க குழுவிலே ஒரு வீடியோ வந்தது. ரயில் வாசல்ல பசங்க தொங்கிக்கிட்டு, கையிலே பட்டாக்கத்தி. பழைய வீடியோவா, புது வீடியோவா, எந்த ஊரு, எதுவும் இல்லை. அந்தப் பொண்ணோட அப்பா பார்த்தார். அன்னிக்கு ராத்திரியே, "நாளையிலிருந்து ரயில்ல போக வேண்டாம்மா" என்று சொல்லிட்டார்.

ரயில் இல்லேன்னா என்ன? ஷேர் ஆட்டோ, அப்புறம் பஸ், அப்புறம் நடை. காசும் போச்சு, நேரமும் போச்சு. தினமும் லேட். ரெண்டாவது மாசம் சூப்பர்வைசர் முகம் சுளிச்சார். அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து, "அக்கா, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றது. ஒரு வீடியோ, ஐயா. முப்பது விநாடி வீடியோ. ஒரு பொண்ணோட படிப்பையும் சம்பளத்தையும் சேர்த்து முழுங்கப் பார்த்தது!

அப்பாவைக் குத்தம் சொல்ல மாட்டேன். நம்ம வழித்தடத்துக்கு அந்தக் கெட்ட பேரு இருக்கு. 'ரூட்டு தல'ன்னு ஒரு பைத்தியக்காரப் பட்டத்துக்காகப் படிக்கிற பிள்ளைங்க அடிச்சுக்கிறாங்க. 2024 அக்டோபரிலே, சென்ட்ரல் பக்கத்திலே அப்படித் தாக்கப்பட்ட ஒரு கல்லூரி மாணவர் உயிரையே விட்டார். திருத்தணிப் பக்கத்திலிருந்து இதே தடத்துல படிக்க வந்த பிள்ளை. பெத்தவங்க டிக்கெட் வாங்கிக் கொடுத்தது பட்டம் வாங்கறதுக்கு. அந்தப் பட்டம் வாங்கறதுக்கா? (அரங்கில் அமைதி)

அப்ப எதிரணி கேட்கலாம். "பார்த்தியாம்மா, ரயிலுக்கு ஆளைத் துரத்தினதே செல்போன்தானே?" ஆமாம் தம்பி. துரத்தினது செல்போன்தான். திரும்பக் கூட்டிட்டு வந்தது எது, அதையும் கேளுங்க.

அந்தப் பொண்ணை எங்க குழுவிலே சேர்த்தோம். அவங்க அப்பாவையும் சேர்த்தோம். பெண்கள் குழுவிலே அவர் ஒருத்தர்தான் ஆம்பளை! (சிரிப்பு) ஒரு வாரம் அவரைப் பார்க்க வச்சோம். காலையில டீச்சரம்மா போடற சேதி, நாங்க பெட்டியிலே உட்கார்ந்து பூ கட்டற படம், சாயங்காலம் "எல்லாரும் இறங்கியாச்சு"ன்னு ஒரு வரி. பெட்டியிலே யாராவது வம்பு பண்ணினா 139க்கு எப்படிப் போன் பண்ணணும்னும் போட்டோம். எட்டாவது நாள் அந்த மனுஷன் குழுவிலே எழுதினார்: "நாளைக்குப் பாப்பா உங்களோட வரும். பார்த்துக்குங்கம்மா." முப்பது விநாடி வீடியோ போட்ட பூட்டை, ஏழு நாள் உண்மை திறந்தது ஐயா! (நீண்ட கைதட்டல்)

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ரீல்ஸ் எடுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா படிக்கட்டுல தொங்கி எடுக்காதீங்க. தண்டவாளத்துல நின்னு எடுக்காதீங்க. தண்டவாளத்துல அத்துமீறி நுழைஞ்சா ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவுப்படி ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லேன்னா ரெண்டும் சேர்த்து. அபராதம் கட்டினா திரும்பி வரலாம். ரயில் அடிச்சா? ஆஸ்திரேலியாவிலே மெல்போர்ன் மெட்ரோ ரயில்காரங்க 2012 நவம்பர்லே ஒரு கார்ட்டூன் பாட்டுப் படம் எடுத்து யூடியூபிலே விட்டாங்க. முட்டாள்தனமா எப்படியெல்லாம் சாகலாம்னு வேடிக்கையாச் சொல்லி, கடைசியில ரயில்கிட்ட எச்சரிக்கையா இருங்கன்னு முடிச்சாங்க. உலகமே பார்த்தது. உயிரைக் காப்பாத்தற படமும் வைரல் ஆகும் தம்பிகளா! நீங்க திறமைசாலிங்க. நம்ம தடத்துக்கு அப்படி ஒண்ணு எடுத்துக் காட்டுங்க.

ஒண்ணு மறந்துடாதீங்க. ரயிலை விட்டா ரோடு. 2022ஆம் ஆண்டிலே இந்தியச் சாலைகளிலே செத்தவங்க 1,68,491 பேர். அதிலே நூத்துக்கு நாற்பத்து நாலு பேர் ரெண்டு சக்கர வண்டியிலே போனவங்க. "ரயில்ல போப்பா"ன்னு ஒரு பிள்ளைக்கு நாம அனுப்பற சேதி சும்மா காசு மிச்சம் பிடிக்கிற சேதி இல்லை. அவன் ராத்திரி வீடு திரும்பறதுக்கான சேதி.

சரி, எதிரணியின் பெரிய அம்பு: "போஸ்ட் போட்டா கூரை வருமா, விளக்கு வருமா?" வரும் தம்பி! 2014 நவம்பரிலிருந்து 2017 செப்டம்பர் வரை சுரேஷ் பிரபு ரயில்வே அமைச்சரா இருந்தப்ப, ஓடுற ரயில்ல இருந்து ட்விட்டர்ல ஒரு வரி எழுதினா, அடுத்த ஸ்டேஷன்ல குழந்தைக்குப் பால் வந்தது. 2018இலே 'ரயில் மதத்' என்கிற புகார்ச் செயலியும் வந்தது. ஆனால் கேக்கிற விதம் ஒண்ணு இருக்கு. "நாசமாப் போற ரயில்வே"ன்னு எழுதினா அது திட்டு. "இந்தத் தேதி, இந்த மணி, இந்தப் பெட்டி எண், மூணு ஃபேன் ஓடலை" என்று படத்தோட எழுதினா அது புகார். திட்டுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. புகாருக்குச் சொல்லித்தான் ஆகணும்!

எங்க பக்கத்துல ஒரு ஸ்டேஷன். பேர் வேண்டாம். பிளாட்பாரத்தோட ஒரு கோடியிலே ராத்திரி விளக்கு எரியாது. பெண்கள் பெட்டி வந்து நிக்கிறதும் சரியா அங்கேதான். நாங்க தினமும் ஒரு படம் எடுத்தோம். தேதி போட்டோம், நேரம் போட்டோம், அனுப்பினோம். கோபமா ஒரு வார்த்தை கிடையாது. பதினோராவது நாள் விளக்கு எரிஞ்சுது. அன்னிக்கும் ஒரு படம் எடுத்து, "நன்றி"ன்னு போட்டோம். (கைதட்டல்) அந்த நன்றிப் படத்தைப் பார்த்துட்டுப் பக்கத்து ஸ்டேஷன்காரங்க, "நாங்களும் எழுதறோம்"னு கிளம்பினாங்க. தம்பி, நீங்க கேக்கிற வசதி வானத்திலிருந்து விழாது. கேட்டாத்தான் வரும். கேக்கறதுக்கு இன்னிக்கு ஏழைக்கும் கிடைச்ச மைக் இந்த செல்போன்!

கடைசியா ஒரு பூனைக் கதை. ஜப்பான்லே வகயாமா பகுதியிலே கிஷின்னு ஒரு குட்டி ஸ்டேஷன். கூட்டமே இல்லாம, லைனையே மூடற நிலைமை. என்ன பண்ணினாங்க தெரியுமா? 2007 ஜனவரியிலே, அந்த ஸ்டேஷன் வாசல்ல படுத்திருந்த தாமாங்கிற பூனையை ஸ்டேஷன் மாஸ்டரா நியமிச்சாங்க. தொப்பி போட்டாங்க! (சிரிப்பு) அந்தப் படம் நாடு நாடாப் போச்சு. பூனையைப் பார்க்கவே ஜனங்க ரயிலேறி வந்தாங்க. 2015 ஜூன்லே அது செத்தப்ப ஆயிரக்கணக்கான பேர் அஞ்சலி செலுத்தினாங்க. மூட இருந்த லைனை ஒரு பூனையோட படம் தூக்கி நிறுத்திச்சு. நமக்குப் பூனை வேண்டாம் ஐயா. 1856ஆம் வருஷத்துத் தடம் இருக்கு. 1955இல் தொடங்கி இன்னிக்கு வந்தே பாரத் வரைக்கும் செய்யற ஐ.சி.எஃப். இருக்கு. திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் இருக்கார். திருநின்றவூர்ல பூசலார் கோயில் இருக்கு. "ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ரயில்லேயே போயிட்டு வந்தோம், இவ்வளவுதான் செலவு" என்று ஒரு படம் போடுங்க. அதை விட நல்ல விளம்பரத்தை எந்தக் கம்பெனியும் எடுக்க முடியாது.

ஆகவே நடுவர் ஐயா அவர்களே, நான் ரயில்வேயைக் கேட்டுக்கிறேன்: லேட்னா லேட்னு முன்கூட்டியே சொல்லுங்க, உண்மை சொன்னா ஜனங்க காத்திருப்பாங்க. இளைஞர்களைக் கேட்டுக்கிறேன்: படிக்கட்டை விட்டு உள்ளே வாங்க, உங்க கேமராவும் உள்ளே வரட்டும். தாய்மார்களைக் கேட்டுக்கிறேன்: பயமுறுத்துற வீடியோ வந்தா, எந்தத் தேதி, எந்த ஊருன்னு கேளுங்க. தெரியலேன்னா அடுத்தவங்களுக்குத் தள்ளி விடாதீங்க. உங்க விரல் ஒரு பொண்ணோட வேலையைப் பறிச்சிடக் கூடாது.

வசதி ரயிலை நல்ல ரயிலா ஆக்கும், ஒத்துக்கிறேன். ஆனா அந்த வசதியைக் கேட்டு வாங்கறதும், வந்ததை ஊருக்குச் சொல்றதும், பயந்த அப்பாவுக்கு "நாங்க இருக்கோம்"னு தைரியம் கொடுக்கறதும் இந்தக் கையளவு செல்போன்தான். எனவே மக்களை ரயிலுக்கு அழைத்து வருவது செல்போனே, செல்போனே என்று கூறி அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)